தோட்டாவும் தராசும்

நம் தேசத்துச் சரித்திரத்தில் தோட்டா என்னும் சொல்லுக்குத் தனியானதோர் ஸ்தானம் உண்டு. 1857-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி மீரத் நகரில் குதிரைப்படைச் சிப்பாய்கள் 85 பேர் தங்களுக்கு அளிக்கப்பட்ட தோட்டாக்களை வாங்க மறுத்தார்கள். தோட்டாவில் பூசப்படும் கொழுப்பு எந்தப் பிராணியினுடையது என்ற சந்தேகமே அம்மறுப்புக்கு உடனடிக் காரணம். மே மாதம் 10-ந் தேதி மீரத் பொங்கி எழுந்தது. பிறகு நடந்ததை நேயர்கள் அறிவார்கள். அக்கிளர்ச்சிக்கு வேறு காரணங்கள் எத்தனையோ இருந்தன. எனினும், சிப்பாயின் வாயிலிருந்து வந்த கேள்வி மிகவும் எளியது: "பிறர் செய்து என் கையில் கொடுத்த இந்தத் தோட்டாவிற்குள் என்ன இருக்கிறது?" அவன் நம்பத்தக்க விடையை அன்று எவரும் அளிக்கவில்லை.

அதே கேள்வியை வேறொரு தேசத்தில், வேறொரு காரணம்பற்றி, தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலே, குறி பார்த்துச் சுடும் பந்தயங்களில் ஈடுபட்டோர் பலர் கடைத் தோட்டாவை வாங்குவதில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் வைத்துத் தம் கையாலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளுகிறார்கள். செலவு குறையும் என்பது ஒரு காரணம். ஆனால் முதன்மையான காரணம் அதுவன்று. தோட்டாவிற்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய வேண்டும். நேற்றுச் செய்த தோட்டாவிலும் இன்று செய்த தோட்டாவிலும் அது ஒன்றாகவே இருக்கவேண்டும். இதுவே அவர்கள் நாட்டம்.

நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். ஆகவே இத்தொழிலை நேயர்களுக்குக் கற்பிப்பது நமது நோக்கமன்று. மருந்தின் பெயரையோ அளவையோ இங்கே நாம் சொல்லப் போவதில்லை. அத்தொழிலின் உள்ளே இருக்கும் ஒழுங்கு ஒன்றே நமக்கு வேண்டியது. மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் மிகப் பலவற்றை இச்சிறு தொழில் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறது.

முதலில், "குறி தவறாமை" என்று நாம் பொதுப்படச் சொல்லுவதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருப்பதைப் பிரித்துணர வேண்டும். ஒருவன் பத்துக் குண்டு சுடுகிறான். பத்தும் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் இடப்புறமாக, ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக் கூடிய இடத்திற்குள் விழுகின்றன. மற்றொருவன் சுட்ட பத்தும் நடுப்புள்ளியைச் சூழ்ந்து நாலா பக்கமும் சிதறி விழுகின்றன. இவர்களில் யார் மேல்? பாமரர் இரண்டாமவனைச் சொல்லுவர். அவன் குண்டுகளில் ஒன்றிரண்டு நடுவிலே பட்டிருக்கும் அல்லவா? ஆனால் தொழில் தெரிந்தவன் முதலாமவனையே மெச்சுவான். ஏனெனில், ஒரே பக்கம் விலகுகிற பிழையைக் குறிபார்க்கும் கருவியைச் சிறிது திருப்பித் தீர்த்துவிடலாம். சிதறுகிற பிழைக்கு அவ்விதச் சிகிச்சை இல்லை. எது தவறு என்று அதற்கே தெரியாதபோது எதைத் திருத்துவது? எனவே, நன்றாகச் செய்வதற்கு முன்னால், ஒரே மாதிரியாகச் செய்யக் கற்கவேண்டும் என்பது இத்தொழிலின் முதல் பாடம்.

ஒரே மாதிரியாக இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? கணக்கு இதோ. நடுத்தரமான ஒரு பந்தய ரைபிளிலிருந்து குண்டு விநாடிக்குச் சுமார் 2,600 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டாவுக்கும் மற்றொன்றுக்கும் இவ்வேகத்தில் 50 அடி வித்தியாசம் இருக்கட்டும். அதாவது நூற்றில் இரண்டு பங்குதான். 100 கஜ தூரத்தில் இதனால் விளையும் ஏற்றத்தாழ்வு அங்குலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் 1,000 கஜ தூரத்திலோ அதே வித்தியாசம் பதினைந்து அங்குலத்துக்கும் மேலாகிவிடும். அமெரிக்கப் பந்தயங்களில் அத்தூரத்துக்குரிய குறிப்பலகையில் பத்து மதிப்புள்ள வட்டத்தின் குறுக்களவே 20 அங்குலம். அதாவது நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்தே அங்குலம். கை நடுங்காமல், கண் தவறாமல், காற்றையும் சரியாகக் கணித்துச் சுட்டவனும் தோட்டாவின் பிழையால் வட்டத்திற்கு வெளியே போய்விடுகிறான். கிட்டத்தில் மறைந்து கிடந்த குற்றம் தூரத்தில் வெளிப்படுகிறது. இது துப்பாக்கிக்கு மட்டும் உரிய நியாயமன்று.

குண்டின் வேகத்தை அளப்பது என்ற சாஸ்திரத்திற்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைப் பலர் அறியார். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர் 1742-ஆம் வருஷத்தில் பீரங்கிக்கலையின் புதிய தத்துவங்களைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். கனத்த மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் செலுத்தி, கட்டை எவ்வளவு தூரம் பின்னுக்கு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணிக்கும் முறையை அந்நூலில் அவர் விளக்கினார். ஆய்லர் என்ற மகா கணிதர் அந்நூலை 1745-இல் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். ராபின்ஸோ கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை எஞ்ஜினீயராக இந்நாட்டுக் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751-ஆம் வருஷம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் ஜுரத்தால் மாண்டார். அவர் வந்தது நம்மை அடக்கியாளவிருந்த கம்பெனியின் அரணைப் பலப்படுத்துவதற்கு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், "வேகமாகப் போகிறது" என்ற பேச்சை "இத்தனை அடி போகிறது" என்ற கணக்காக மாற்றியவர் அவர். இன்று ரேடார்க் கருவியொன்று அவ்வேகத்தை நொடியில் சொல்லிவிடுகிறது. அந்த வசதி வந்தபின் ஊகத்துக்கு இடமில்லை; சாக்குப்போக்குக்கும் இடமில்லை.

இனி, தோட்டாவின் அங்கங்களைப் பார்ப்போம். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பது அத்தொழிலில் வழக்கம். நம் பழைய தோலா எடைக்கு 180 கிரெயின் என்பதை நகை வியாபாரம் அறிந்தோர் அறிவர். பெரிய ரைபிள் ஒன்றின் தோட்டாவில் அடங்கும் மருந்து ஏறத்தாழக் கால் தோலா. அதிலே கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தோலாவில் ஆயிரத்து எண்ணூறில் ஒரு பங்கு, கூடாமலும் குறையாமலும் இருக்கவேண்டும் என்று பந்தயக்காரன் தராசின்முன் உட்காருகிறான். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற நம் முதுமொழியை அவன் கேட்டிருக்கமாட்டான். ஆனால் அதன்படி நடக்கிறான்.

ஆயினும் எடை ஒன்றே போதாது. குண்டைப் பற்றிக்கொண்டிருப்பது பித்தளைக் கூட்டின் கழுத்து. அப்பிடி ஒன்றில் இறுக்கமாகவும் மற்றொன்றில் தளர்ச்சியாகவும் இருந்தால், மருந்து ஒரே எடையாயினும் குண்டு ஒரே விதமாகப் புறப்படாது. பித்தளையோ தட்டத் தட்டக் கெட்டிப்படும் உலோகம். அனலில் காட்டினால் மறுபடி இளகும். பாத்திரம் செய்யும் நம் கன்னார் பரம்பரை பரம்பரையாய் அறிந்த விஷயம் இது. நான்கு முறை சுட்ட கூட்டையும் ஒருமுறையே சுட்ட கூட்டையும் கலந்து வைத்தால் கழுத்தின் பிடி மாறும். ஆகவே கூடுகளை வகைபிரித்து வைக்கவேண்டும். நீளத்தை ஒன்றாக நறுக்கவேண்டும். கேப்பை ஒரே ஆழத்தில் அமர்த்தவேண்டும். குண்டு கூட்டின் நடு அச்சுக்கு நேராக நிற்கிறதா என்று உருட்டிப் பார்க்கவேண்டும். இத்தனையும் ஒரு தோட்டாவுக்கல்ல. நூறு தோட்டாவுக்கும் ஒன்றுபோலவே செய்யவேண்டும். முதல் தோட்டாவில் காட்டும் சிரத்தை எவனுக்கும் கைவரும். தொண்ணூறாவது தோட்டாவில், முதுகு வலிக்கும்போது, விளக்கு மங்கும்போது, அதே சிரத்தை இருக்கிறதா என்பதே கேள்வி.

இங்கே மற்றோர் அபாயம் உண்டு. சிரத்தை என்பது சில சமயம் வெறும் சடங்காகிவிடும். எது முக்கியம், எது முக்கியமன்று என்று ஆராயாமல், சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருப்பவன் உழைப்பாளியேயன்றி அறிவாளியல்லன். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த பிராங்க்ளின் மன் என்ற டாக்டர் இவ்விஷயத்தில் வழிகாட்டியாக விளங்கினார். பற்பல வருஷங்கள் தம் சொந்தச் செலவில் பரீட்சைகள் நடத்தி, 1909-ஆம் வருஷத்தில் குண்டின் பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுடுவோனின் கையும் கண்ணும் செய்யும் பிழை கலவாதிருக்கும்பொருட்டு, அசையாத காங்கிரீட் தூணொன்றின்மேல் துப்பாக்கிக் குழலை அமர்த்தினார். குண்டு செல்லும் வழியெங்கும் காகிதத் திரைகளை நிறுத்தி, அது நேராகச் செல்கிறதா, தலையாட்டிக்கொண்டு செல்கிறதா என்று துளைகளின் வடிவத்தால் கண்டறிந்தார். பின்னர் வேண்டுமென்றே சில குண்டுகளின் மூக்கைச் சிதைத்தார். வேறு சிலவற்றின் அடிப்பாகத்தைச் சிதைத்தார். மூக்குச் சிதைந்தவை பெரிதும் விலகவில்லை. அடி சிதைந்தவையே வெகுதூரம் விலகின. கண்ணுக்கு விகாரமாய்த் தெரிந்தது சொற்பக் குற்றம். கூட்டுக்குள் மறைந்திருந்ததே பெருங்குற்றம். நூறு பேர் நூறு வருஷம் வாதாடினாலும் தீராத வழக்கை ஒரு பரீட்சை தீர்த்துவிட்டது.

பிழைகள் ஒன்றுசேரும் விதமும் கவனிக்கத்தக்கது. ஒன்றையொன்று சாராத இரு பிழைகள் சேரும்போது, கூட்டல் கணக்கைப் பின்பற்றுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் கணக்கைப் பின்பற்றுகின்றன. காற்றைத் தவறாகக் கணிப்பதால் 12 அங்குலச் சிதறலும், தோட்டாவால் 5 அங்குலச் சிதறலும் உண்டானால், இரண்டும் சேர்ந்து 17 ஆகாது, 13 ஆகும். இப்பொழுது ஒருவன் இரவு பகலாக உழைத்துத் தோட்டாவின் பிழையை அடியோடு ஒழித்துவிட்டான் என்று கொள்வோம். லாபம் என்ன? 13 போய் 12, ஓர் அங்குலந்தான். அவ்வுழைப்பைக் காற்றைக் கவனிப்பதில் செலுத்தி அப்பிழையைப் பாதியாக்கியிருந்தாலோ மொத்தச் சிதறல் 8 அங்குலத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். பெரிய பிழையை விட்டுச் சின்னப் பிழையைத் துரத்துவது எளிது. ஏனெனில் சின்னப் பிழை வீட்டுக்குள் மேஜைமேல் இருக்கிறது, பெரிய பிழை வெட்டவெளியில் இருக்கிறது. பொதுவாழ்வில் ஈடுபட்ட நம் நண்பர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்ப்பார்களாக.

இனி, இத்தொழிலின் மிகப் பெரிய கண்ணியைச் சொல்லுகிறோம். பந்தயக்காரன் மூன்று குண்டு சுடுகிறான். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி விழுகின்றன. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "என் தோட்டா இவ்வளவு நேர்த்தி" என்று ஊரெங்கும் காட்டுகிறான். முந்தைய நாள் சிதறி விழுந்த தாள் எங்கே? குப்பையில். சாதகமான சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றி, பாதகமான சாட்சியை ஊரைவிட்டே அனுப்பிவிடும் கட்சிக்காரனை நாம் கோர்ட்டில் கண்டிருக்கிறோம். அவனாவது பிறரை ஏமாற்றுகிறான். இவன் ஏமாற்றுவது தன்னையே.

கணித சாஸ்திரம் இதில் தெளிவாகத் தீர்ப்பளிக்கிறது. ஒரு துப்பாக்கியும் ஒருவகைத் தோட்டாவும் மூன்று குண்டுகளுக்குச் சராசரியாக ஓர் அங்குலம் பரவுமானால், எதையும் மாற்றாமலே ஐந்து குண்டுகளுக்கு அது சுமார் ஒன்றேகால் அங்குலமும், பத்துக் குண்டுகளுக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலும் பரவும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, சாட்சிகள் அதிகமானார்கள், உண்மை வெளிவந்தது, அவ்வளவே. மேலும், மருந்தின் அளவைப் பத்து விதமாக மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்றே குண்டு சுட்டுப் பார்ப்பவனுக்கு அப்பத்தில் ஏதேனும் ஒன்று மிகச் சிறியதாக அமைந்தே தீரும். பத்தும் உண்மையில் சமமாக இருந்தாலுங்கூட அப்படித்தான். அது மருந்தின் மகிமையன்று, யதேச்சையாய் நேர்ந்தது. அதையே அவன் கண்டுபிடிப்பென்று கொண்டாடுகிறான்.

சொற்ப எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்ற கேள்விக்கு விடைதேடியவர் துப்பாக்கி வீரரல்லர். டப்ளின் நகரில் கின்னஸ் மதுபானசாலையில் உத்தியோகம் பார்த்த வில்லியம் கோஸெட் என்பவர். பார்லி தானியத்தையும் பானத்தையும் பரீட்சித்தபோது எழுந்த இக்கேள்விக்கு 1908-ஆம் வருஷத்தில் "மாணாக்கன்" என்று பொருள்படும் புனைபெயரில் அவர் விடை எழுதினார். இவ்வகை ஆராய்ச்சி வகுத்த முறையில், ஐந்து தோட்டாக்களின் வேகத்தை அளந்து, சராசரியிலிருந்து அவை விலகும் திட்ட அளவு 10 அடி என்று ஒருவன் கண்டால், உண்மையான விலகல் 6 அடி முதல் 29 அடிவரை எதுவாகவும் இருக்கலாம் என்பதற்கே இடமுண்டு. 10 என்ற எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிபவன் இதை அறிந்தால் நாணுவான். தராசில் ஆயிரத்து எண்ணூறில் ஒரு பங்கு பார்த்தவன், எண்ணிக்கையில் ஐந்தோடு நின்றுவிட்டானே! அளவையில் நுட்பமும் கணக்கில் சோம்பலும் சேர்ந்து வாழ்வது விந்தையிலும் விந்தை.

இது வெறும் பந்தயப் பேச்சன்று. உயிருக்கே அபாயம் நேரக்கூடிய விஷயம். 1921-ஆம் வருஷத்து அமெரிக்கத் தேசியப் பந்தயங்களுக்கென்று அந்நாட்டு அரசாங்கத்தின் பிராங்க்போர்டு ஆயுதசாலை விசேஷத் தோட்டாக்களைத் தயாரித்தது. குழலில் உலோகக் கசடு படியாதிருக்கும்பொருட்டுக் குண்டின்மேல் வெள்ளீயம் பூசியது. நல்ல ஏற்பாடுதான். பந்தயக்காரர்களோ அதே கசடைத் தடுக்கக் குண்டுக்கு மசகு தடவும் பழக்கமுடையவர்கள். அதுவும் அவர்கள் அனுபவத்தில் கண்ட நன்மைதான். இரண்டும் சேர்ந்தபோது துப்பாக்கிக்குள் அழுத்தம் அபாயகரமாக உயர்ந்தது. வெள்ளீயம் பித்தளைக் கழுத்தோடு பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மசகு அக்கழுத்து விரிவதற்கு வேண்டிய இடத்தை அடைத்துவிட்டது. குண்டு விடுபட வழியில்லை. பிற்காலத்தில் ஜெனரல் ஹாச்சர் 1947-இல் வெளியிட்ட குறிப்பு நூலில் இவ்விவரங்களைப் பதிந்திருக்கிறார். தனித்தனியே நல்லவையான இரண்டு, சேர்ந்தபோது தீயவையாயின. அதனால்தான், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்று. மாற்றியதை எழுதி வை. உச்ச அளவுக்கு வெகு கீழேயிருந்து தொடங்கு. மேஜைமேல் ஒரே மருந்துதான் இருக்கலாம். ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் எட்டிப் பார்த்தபின்னரே குண்டு வை என்று அத்தொழிலில் பழகினோர் விதித்திருக்கிறார்கள். இவ்விதிகளை மீறியவர்களில் கண்ணை இழந்தவர்களும் கைவிரலை இழந்தவர்களும் உண்டு.

கவனமுள்ள பந்தயக்காரனுடைய தோட்டாப் பெட்டியின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நிரப்பிய தேதி, மருந்தின் பெயர், எடை, கேப்பு, குண்டு, கூடு எத்தனை முறை சுடப்பட்டது என்ற விவரமெல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டில்லாத பெட்டியின் தோட்டாவை, அது தன் கையால் நிரப்பியதேயாயினும், அவன் சுடமாட்டான், பிரித்துக் கொட்டிவிடுவான். ஞாபகத்தை அவன் சாட்சியாக ஏற்பதில்லை. எழுத்துமூலமான அத்தாட்சியையே ஏற்கிறான். இவ்வளவு கண்டிப்பை அவனுக்கு எந்தச் சர்க்காரும் கற்பிக்கவில்லை. தோட்டா வெடிக்கும்போது அவன் கன்னம் துப்பாக்கிக் கட்டையின்மேல் பதிந்திருக்கிறது, அதுவே கற்பித்தது.

பொதுக் காரியங்களில் நம்மவர் வெளியிடும் கணக்குகளுக்கும் யாதாஸ்துகளுக்கும் பின்னால் அவ்விதம் பதிந்த கன்னம் இருப்பதில்லை. ஒரு ஜில்லாவில் வந்த கூட்டத்தைக் கண்டு தேசமே திரண்டது என்று எழுதுகிறோம்; மூன்று கிராமத்தில் கேட்டதைக் கொண்டு முந்நூறு கிராமத்தின் அபிப்பிராயம் சொல்லுகிறோம். வெற்றியடைந்த கிளைச் சங்கத்தின் அறிக்கையை அச்சிடுகிறோம். தூங்கிப்போன சங்கத்தின் அறிக்கையைக் கேட்பதுமில்லை. தவறு கிட்டத்தில் தெரியாது. ஆயிரம் கஜத்தில் தெரியும். ஆகவே, சொல்லுவதற்கு முன் எண்ணுவோம். மூன்றோடு நில்லாமல் பத்துவரை எண்ணுவோம். சிதறி விழுந்த தாளையும் நல்ல தாளோடு சேர்த்து ஒரே கட்டில் வைப்போம். அதைக் காட்டத் துணிந்தவன் நல்ல தாளைக் காட்டும்போதுதான் பிறர் அதை நம்புவார்கள்.